பாம்பின் விஷம் நம் உடலில் என்ன செய்கிறது?

(நண்பர்கள் கூடுகையில் எங்கள் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு இதே கூடுகையில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்து வெளியே வந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை நிறுத்தினார். "அம்மா, எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு பேரைப் பாம்பு கடித்தது. ஒருவருக்கு ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வந்தது. மற்றவர் தூங்குகிறவர் போலக் கண்மூடிக் கிடந்தார். ஒரு சொட்டு இரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. விஷம் என்றால் விஷம்தானே? ஏன் இப்படி?" என்று கேட்டார். வார்டிலிருந்து அழைப்பு வந்திருந்ததால் அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். நல்ல கேள்விக்கு அரைகுறைப் பதில் சொன்ன உறுத்தல் ஓராண்டாக எனக்கு உண்டு. அவர் இன்றும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இன்று அவருக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

விஷம் என்பது ஒரே ஒரு பொருள் அல்ல. பாம்பின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விஷச்சுரப்பி, நமது உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒருவகையில் உறவு. அதில் ஊறும் திரவத்தில் பல பத்துப் புரதங்கள் கலந்திருக்கின்றன. எலியையும் தவளையையும் ஓடவிடாமல் நிறுத்துவதற்காகவும், விழுங்கிய இரையைச் செரிப்பதற்காகவும் பாம்புக்கு அவை வேண்டும். நம்மைக் கொல்ல வேண்டும் என்று பாம்புக்கு எந்த எண்ணமும் இல்லை. மிதித்தால், புரண்டு படுத்து நசுக்கினால் கடிக்கிறது. ஆனால் எலியின் நரம்பும் நம் நரம்பும், எலியின் இரத்தமும் நம் இரத்தமும் அடிப்படையில் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. அதனால் எலிக்கென்று ஊறிய புரதம் நமக்குள்ளும் தன் இடத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பாம்பில் எந்தப் புரதம் மிகுதியோ அதற்கேற்ப உடலில் அடி விழும் இடமும் மாறுகிறது.

நம் நாட்டில் உயிர்ச்சேதத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு பாம்புகள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இதில் ஒரு பெயர்க்குழப்பம் உண்டு. கட்டுவிரியனின் பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் இனத்தைச் சேர்ந்ததல்ல, நல்லபாம்பின் குடும்பம். இரவு இரண்டு மணிக்குக் கேசுவாலிட்டிக்கு ஓடிவருகிறவர்கள், "விரியன் கடிச்சிடுச்சும்மா" என்பார்கள். எந்த விரியன் என்று கேட்டால், "விரியன்தாம்மா" என்பார்கள். ஒன்று இரத்தத்தைக் கெடுப்பது, மற்றொன்று மூச்சை நிறுத்துவது. இப்போதெல்லாம் நாங்கள் பெயரைக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. கண் இமையைப் பார்க்கிறோம், இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்க்கிறோம். அவை இரண்டும் பொய் சொல்வதில்லை.

இமையைப் பார்க்க நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் இளம் மருத்துவராக இரவுப் பணியில் இருந்தேன். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் முப்பது வயது மனிதர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பது போல் இருக்கிறது என்றார். இராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மீன் குழம்பு என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஓர் ஊசியைப் போட்டு, வாசல் பெஞ்சில் உட்காருங்கள், விடிந்ததும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். சற்று நேரம் கழித்து அந்தப் பக்கமாகப் போனபோது கண்ணைப் பாதி மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். இரவெல்லாம் வலியில் தூங்கவில்லை, இப்போது தூங்குகிறார் என்று நினைத்துக் கடந்து போனேன். இமையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆறரை மணிக்கு அவருடைய மனைவி கத்தியபோது அவருக்கு மூச்சு இல்லை. பிற்பகலில் உறவினர்கள் சூளைக் குடிசையில் பாயை உதறியபோது அதற்கடியில் கட்டுவிரியன் இருந்ததாகச் செய்தி வந்தது.

கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல நேரங்களில் தடமே தெரியாது. இரவில் எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடிபட்டவர் எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். பிறகு வயிற்றுவலியோடுதான் விழிப்பார். தரையில் படுத்துறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று வந்தால், மீன் குழம்பைப் பற்றி யோசிக்கும் முன் பாம்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை எங்களிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மருத்துவரிடமும் முதல் நாளே சொல்கிறேன். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை அவர்களிடமும் மறைப்பதில்லை.

இனி ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருவோம். உங்கள் தெருவில் தூங்குகிறவர் போலக் கிடந்தவருக்கு என்ன நடந்தது?

மூளை ஒரு தசையை அசைக்க நினைத்தால் நரம்பு வழியாகச் செய்தி அனுப்புகிறது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்ட நரம்பு நுனி அசிடைல்கோலின் என்ற இரசாயனத்தை விடுகிறது. அதை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு நுனி தபால் நிலையம், தசையின் மேல் இருப்பது தபால்பெட்டி. கடிதம் பெட்டியில் விழுந்தால் தசை சுருங்குகிறது.

நல்லபாம்பின் விஷம் தபால்பெட்டியின் வாயை அடைத்துக்கொள்கிறது. கடிதம் வருகிறது, ஆனால் உள்ளே விழ வழியில்லை. கட்டுவிரியன் செய்வது வேறு. அதன் விஷம் தபால் நிலையத்துக்குள்ளேயே புகுந்து அதைச் சிதைத்துவிடுகிறது. அனுப்பக் கடிதமும் இல்லை, அனுப்ப இடமும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: முதலில் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். ஆனால் சிகிச்சையில் வித்தியாசம் பெரிது. நல்லபாம்புக் கடியில் நியோஸ்டிக்மின் என்ற ஊசி பலமுறை கைகொடுக்கிறது. பயன்பட்ட கடிதங்களைக் கிழித்துப்போடும் நொதி ஒன்று உடலில் உண்டு. இந்த மருந்து அதைத் தடுத்துவைக்கிறது. கடிதங்கள் குவிந்து, நெருக்கியடித்துக்கொண்டு அடைபட்ட பெட்டிக்குள்ளும் விழத் தொடங்குகின்றன. ஊசி போட்ட அரைமணிக்குள் தொங்கிய இமை மேலே ஏறுவதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். கட்டுவிரியன் கடியில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. சிதைந்த நரம்பு நுனியை விஷமுறிவு ஊசியாலும் திரும்பக் கட்டித்தர முடியாது. உடல் தானே அதைப் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். அதுவரை யாராவது அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்வார், பெரும்பாலும் ஒரு குறையுமின்றி.

மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதைக் கவனியுங்கள். கை கால் அசையாது, இமை திறக்காது, விளக்கு அடித்தால் கண்மணிகூடச் சுருங்காமல் விரிந்தே நிற்கும். அனுபவமில்லாதவர் பார்த்தால் மூளை இறந்துவிட்டது என்றே முடிவுகட்டிவிடுவார். அவரோ உள்ளே விழித்திருப்பார், எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு சிறுமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. மழைக்காலம். அம்மாவோடும் தம்பியோடும் தரையில் படுத்திருந்தவள், நான்கு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தாள். மாமா டிவிஎஸ் வண்டியில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். ஆறு மணிக்கு எங்களிடம் வந்தபோது, "கண்ணு தூக்கமா வருது" என்று குழறினாள். தூக்கமில்லை, இமை தொங்கிவிட்டது. உடனே விஷமுறிவு ஊசி பத்துக் குப்பி ஏற்றினோம். ஏழு மணிக்கு மூச்சு குறையத் தொடங்கியது. தொண்டையில் குழாய் வைத்தோம். அன்று எங்களிடம் இருந்த இரண்டு வென்டிலேட்டர்களிலும் நோயாளிகள் இருந்தார்கள். ஆகவே ஆம்பு பை என்று நாங்கள் சொல்லும் இரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தோம். நான்கு நொடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். மணிக்குத் தொள்ளாயிரம். காலை ஏழு மணி தொடங்கி மறுநாள் பகல் ஒரு மணிக்கு வென்டிலேட்டர் காலியாகும் வரை, முப்பது மணி நேரம், இருபத்தேழாயிரம் மூச்சு. செவிலியர்கள், பயிற்சி மாணவிகள், இரவுக் காவலாளி, அவளுடைய மாமா, பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன் என்று முறைவைத்து அமுக்கினார்கள்.

அன்று இரவு பத்து மணிக்கு அவளுடைய பெரியப்பா என்னிடம் வந்தார். "டாக்டரம்மா, கண்ணுமணி நின்னுபோச்சு. உடம்பு துணி மாதிரி கெடக்கு. எங்களுக்கு மறைக்காதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறோம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் அப்படித்தான் இருந்தது. நான் அவரைக் கட்டிலருகே அழைத்துப்போய், அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, "பாப்பா, நான் பேசறது கேக்குதுன்னா கால் பெருவிரலை அசை" என்றேன். உடம்பில் எல்லாம் நின்றுபோனாலும் சிலருக்கு ஒரு விரல் நுனியில் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருக்கும். எங்கள் நல்ல காலம், அவளுக்கு மிஞ்சியிருந்தது. வலது பெருவிரல் ஓர் அரிசி அளவு அசைந்தது. பெரியப்பா எதுவும் பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டார்.

அவளிடம் பிறகு வருகிறேன். இரத்தம் வந்தவரை மறந்துவிடக் கூடாது.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் மெலித்தா தீவில் விறகு பொறுக்கிப் போடும்போது விரியன் கையைக் கவ்விக்கொண்ட சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தத் தீவார் இரண்டில் ஒன்று நடக்கும் என்று காத்திருந்தார்கள்: அவர் உடல் வீங்கும், அல்லது திடீரென்று விழுந்து சாவார். மருத்துவக் கல்லூரியில் படித்தபோது அந்தப் பகுதியை வாசித்து வியந்தேன். அதை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் அல்லவா! வீக்கமா, திடீர் வீழ்ச்சியா என்றுதான் நாங்களும் இன்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கண்ணாடிவிரியன் கடியில் வலியும் வீக்கமும் உடனே தொடங்கும். ஆனால் உள்ளே நடப்பதுதான் விசித்திரம். நமக்குக் காயம் பட்டால் இரத்தம் உறைவதற்காக உடலில் ஒரு வரிசையான ஏற்பாடு உண்டு. கண்ணாடிவிரியனின் விஷம் காயம் எதுவும் இல்லாமலே அந்த ஏற்பாட்டை நடுவில் புகுந்து முடுக்கிவிடுகிறது. இரத்தம் முழுவதும் சிறு சிறு உறைவுகள் உண்டாகி, உறையவைக்கும் பொருள் அனைத்தும் சில மணி நேரத்தில் வீணாகச் செலவழிந்துபோகிறது. பிறகு உண்மையாகவே இரத்தம் கசியும்போது உறையவைக்கக் கையிருப்பு ஒன்றும் இல்லை. ஈறிலும் சிறுநீரிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் நிற்காமல் வருகிறது. இரத்தத்தை உறையவைக்கும் விஷத்தால்தான் இரத்தம் உறையாமல் போகிறது! சுருட்டைவிரியனும் சற்றே வேறு வழியில் இதே வேலையைச் செய்கிறது. அது சிறிய பாம்புதான்; செதில்களை உரசிக் காய்ந்த சருகு போலச் சத்தமிடும், வறண்ட காடுகளில் அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கழுவிக் காய்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை ஊற்றி இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர்போல ஓடினால் விஷம் வேலை செய்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புத்தூள் மிச்சம் இருக்கக் கூடாது. இந்தச் சிறு கவனம் தவறி எத்தனையோ முடிவுகள் தவறாகப் போயிருக்கின்றன. ஊசி ஏற்றியபின் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே சோதனை. ஏன் ஆறு மணி நேரம்? செலவழிந்த பொருளைக் கல்லீரல் மீண்டும் தயாரிக்க அவ்வளவு நேரம் ஆகும்.

கண்ணாடிவிரியன் இத்தோடு விடுவதில்லை. சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்தம் உறைந்துவிட்டது, பிழைத்தார் என்று நாம் நிம்மதியடையும் நேரத்தில் சிறுநீர் நின்றுபோகும், டயாலிசிஸ் தேவைப்படும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கண்ணாடிவிரியன்கள் இமையையும் தொங்கவைப்பதுண்டு. ஆகவே நான் சொன்ன இரண்டு பிரிவும் எப்போதும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்பதில்லை. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சிலருக்குக் கெட்டுவிடும். அது உடனே தெரியாது. கடியிலிருந்து பிழைத்து ஓராண்டு கழித்து ஒரு விவசாயி எங்களிடம் வந்தார். எப்போதும் சோர்வு, குளிர் தாங்கவில்லை, தாடி வளர்வது நின்றுவிட்டது. "வேலை செய்ய மனசில்லாம சோம்பேறி ஆயிட்டான்னு வீட்டுல சொல்றாங்க" என்றார். பாம்பு கடித்ததை அவர் சொல்லவே இல்லை. காலில் இருந்த தழும்பைப் பார்த்து நாங்கள்தான் கேட்டோம். தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைகளோடு இப்போது உழவுக்குப் போகிறார்.

கயிற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. கட்டுக்குக் கீழே இரத்த ஓட்டம் நின்று, சதையைக் கரைக்கும் விஷம் அங்கேயே தேங்கி நிற்கிறது. சாரைப்பாம்பு கடித்து, விஷமே ஏறாமல், கட்டிய கயிற்றினாலேயே கால் கறுத்துப்போய் வந்த ஒரு வாலிபரை நான் பார்த்திருக்கிறேன். இறுக்கிக் கட்டியபடி வந்தால் ஊசி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவிழ்க்கிறோம். திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும்.

விஷமுறிவு ஊசி எங்கிருந்து வந்தது? 1891இல் சைகோனில் ஆய்வுக்கூடம் தொடங்கிய ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர், வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்ததைக் கண்டு இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். விஷத்தைச் சிறிது சிறிதாக விலங்குகளுக்குச் செலுத்தினால் அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது என்பதை 1894இல் அறிவித்தார். நம் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியில் நடுவில் வரும் 'சி' இவர் பெயர்தான். ஆனால் கால்மெட் ஒரு தவறு செய்தார். நாகத்துக்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் போதும் என்று நினைத்தார், நம் ஆசிரியர் ஐயா 'விஷம் என்றால் விஷம்தானே' என்று கேட்டதைப் போல. ஆஸ்திரேலியாவில் மார்ட்டினும், இந்தியாவில் லாம்பும் அப்படியல்ல என்று காட்டினார்கள். அதனால்தான் இன்று நம் நாட்டில் நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைகளுக்குச் செலுத்தி, நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்தாகத் தயாரிக்கிறார்கள். நான்கைத் தவிர வேறு பாம்பு கடித்தால், உதாரணமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மேல்நோக்கி வளைந்த மூக்குடைய சிறு குழிவிரியன் கடித்தால், இந்த மருந்து உதவுவதில்லை.

மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியிலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள், அந்த வியாபாரம் சட்டப்படி நின்றபின் பிழைப்புக்குத் தவித்தார்கள். இப்போது பாம்பைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, உயிரோடு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். கண்ணாடிவிரியனை ஒரு சிறு இரும்புக் கொக்கியால் தூக்கிக் கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கவைத்தார்கள். சில சொட்டு மஞ்சள் நீர். அவ்வளவுதான்.

குழந்தைக்கு ஏன் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவு மருந்து என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். பாம்பு குழந்தை என்று பார்த்து அளவைக் குறைப்பதில்லை. ஒரு கண்ணாடிவிரியன் சராசரியாக 63 மில்லிகிராம் விஷத்தைச் செலுத்துகிறது. பத்து மில்லி அளவுள்ள ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்துக் குப்பி என்பது எங்கிருந்து வந்தது என்று புரியும். குதிரையின் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும், தடிப்பு வரும், இரத்த அழுத்தம் விழும். அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் குப்பியைத் தொடங்குகிறோம்.

பாம்பு மட்டும்தானா? செந்தேள் கொட்டினால் வியர்த்துக் கொட்டும், கை கால் சில்லிடும், இதயம் தடுமாறி நுரையீரலில் நீர் கோக்கும். தேளின் விஷம் நம் உடலின் சொந்த அட்ரினலினையே வெள்ளமாகத் திறந்துவிடுவதால் வரும் கேடு அது. மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் வேலை செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண இரத்த அழுத்த மாத்திரை இந்த வெள்ளத்தைத் தடுக்கிறது என்று 1980களில் கண்டுபிடித்தார். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் இல்லாமல், கட்டில் அருகில் உட்கார்ந்து, நோயாளியைக் கவனித்துக் கண்டுபிடித்தது. என் மேசைமேல் அவர் கட்டுரையின் பிரதி ஒன்று எப்போதும் இருக்கும்.

செடிகளிலும் உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை, அதாவது கண்வலிக்கிழங்கை, வேறு கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்றுவிடுகிறார்கள். அதிலுள்ள கோல்ச்சிசின் உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கிறது. வேகமாகப் பிரியும் அணுக்கள் எங்கே உண்டோ அங்கே முதலில் அடி: குடல், எலும்பு மஜ்ஜை, பிறகு தலைமயிர். பிழைத்தவருக்கு இரண்டு வாரத்தில் முடி கொட்டுவதைப் பார்த்து மறுபடி பயப்படுவார்கள். அது திரும்ப வளர்ந்துவிடும். இதே கோல்ச்சிசினைத்தான் மிகச் சிறிய அளவில் மூட்டுவாதத்துக்கு மாத்திரையாகக் கொடுக்கிறோம். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்த வழியில் உருவானதுதான் இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில். அந்த வகை மாத்திரையை இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் காலையில் விழுங்கிவிட்டே வந்திருப்பீர்கள்.

வீட்டில் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடிபட்டவரை ஓடவிடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது. கை கால் முறிந்தால் எப்படிக் கட்டை வைத்துக் கட்டுவோமோ அப்படி அசையாமல் கட்டி, வாந்தி வந்தால் இடப்பக்கமாகப் படுக்கவைத்து, 108க்குச் சொல்லி அழைத்து வாருங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பை அடிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். தடம் இல்லை, வலி இல்லை என்றாலும் ஒரு நாள் முழுவதும் எங்கள் கண்பார்வையில் இருக்கட்டும். கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வராது. இரவில் வெளியே போனால் டார்ச் லைட்.

மந்திரிக்கிறவர்களிடம் போவதைக் குறித்து நான் கோபப்பட்ட காலம் உண்டு. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை, விஷப்பாம்பும் சில வேளை விஷம் செலுத்தாமலே கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்கள் எல்லாம் மந்திரத்தால் பிழைத்தவர்கள் ஆகிறார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய்ப் பேசினேன். "நீங்க மந்திரிங்க தாத்தா, ஆனா வண்டியில ஏத்திவிட்டுட்டு மந்திரிங்க" என்றேன். சிரித்தார். இப்போது வேப்பிலையோடு ஆட்டோவில் அனுப்பிவைக்கிறார், முன்னதாகப் போன் செய்தும் சொல்கிறார். எங்களுக்கு அது போதும்.

இது சிறிய விஷயமா? 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு இலட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலேயே நடந்த சாவுகள். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கணக்குகளில் அவை வெகுகாலம் தெரியாமலே போயின. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியை அலட்சியப்படுத்தப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முதன்மையாகச் சேர்த்தது. 2024இல் மத்திய அரசு 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. செங்கல் சூளைத் தொழிலாளியின் சாவை அந்நாளில் நாங்கள் யாருக்கும் தெரிவிக்கவில்லை.

அந்தச் சிறுமியை விட்டுவிட்டேன். வென்டிலேட்டரில் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் குழாயை எடுத்தோம். குரல் கம்மியிருந்தது. இரண்டு நாள் கழித்து, எல்லாரும் பேசியது கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்றாள். பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றதும் கேட்டதாம். எந்த சிஸ்டர் எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பையை அமுக்கினார் என்று வரிசையாகச் சொன்னாள். "இராத்திரி மாமா அமுக்கும்போது கொஞ்சம் தூங்கிட்டாரு டாக்டரம்மா. ஒரு மூச்சு வரவேயில்ல. அப்பதான் ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள். மாமா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

தேநீர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆசிரியர் ஐயா கையைத் தூக்குகிறார். இன்னொரு கேள்வி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. இந்த முறை நான் ஓடப்போவதில்லை, கேளுங்கள் ஐயா.